ஸ்டாண்டிங் டெஸ்க் வாங்குமுன்: அளவெடுப்பது முதல் பூட்டி முடிப்பது வரை

ஸ்டாண்டிங் டெஸ்க் என்பது நின்றும் உட்கார்ந்தும் வேலை செய்ய ஏற்றி இறக்கும் மேசை. அதன் விளம்பரம் எதைப் பார்த்தாலும் அதில் ஒருவர் நின்றுகொண்டிருப்பார். வாங்கி வீட்டில் போட்டவர்களோ நாளின் பெரும்பகுதி அதன் முன் உட்கார்ந்துதான் வேலை பார்க்கிறார்கள்; அதில் தவறும் இல்லை. மேசை எவ்வளவு உயரும் என்று எல்லோரும் கேட்கிறார்கள். எவ்வளவு இறங்கும் என்று கேட்பவர் குறைவு. சராசரி உயரமோ அதற்குக் கீழோ இருப்பவர்களுக்கு இந்த இரண்டாவது கேள்விதான் பணத்தைக் காப்பாற்றும்.

எதிர்பார்ப்பையும் முதலிலேயே சரிசெய்துகொள்வது நல்லது. நிற்பதால் உடல் எடை குறையும் என்று நம்பி வாங்க வேண்டாம். உட்கார்ந்திருப்பதைவிட நிற்கும்போது நிமிடத்துக்குச் சுமார் 0.15 கலோரிதான் கூடுதலாகச் செலவாகிறது. ஒரு மணி நேரம் நின்றால் 9. இடுப்பும் தோளும் கழுத்தும் மணிக்கணக்கில் ஒரே நிலையில் கிடக்காமல் மாறிக்கொண்டே இருப்பதுதான் இந்த மேசையின் பயன். அந்த மாற்றத்தைச் சிரமமில்லாமல் செய்யவிடும் மேசை நல்ல மேசை.

படி 1: உடம்பை அளந்துகொள்ளுங்கள்

இஞ்ச் டேப், பென்சில், உதவிக்கு ஒருவர் போதும்.

1. வீட்டில் வேலை செய்யும்போது செருப்பு அல்லது ஷூ போடுவீர்கள் என்றால் அதைப் போட்டுக்கொண்டு சுவர் ஓரமாக நில்லுங்கள். வெறுங்காலுடன் இருப்பவர் வெறுங்காலுடனே நிற்கலாம். 2 செ.மீ. வித்தியாசம்கூட தோளில் தெரியும்.
2. தோள்களைத் தளரவிட்டு, முழங்கையை 90 டிகிரி மடக்குங்கள். முழங்கையின் அடிப்பகுதிக்கு நேராகச் சுவரில் கோடு போடச் சொல்லுங்கள். தரையிலிருந்து அந்தக் கோடு வரை உள்ளது நிற்கும் அளவு.
3. உங்கள் நாற்காலியில் முதுகு சாய உட்காருங்கள். பாதம் இரண்டும் தரையில் முழுதாகப் பதியும்வரை நாற்காலியை இறக்குங்கள். மறுபடி முழங்கையை மடக்கி, தரையிலிருந்து அளந்துகொள்ளுங்கள். இது உட்காரும் அளவு.
4. இரண்டிலிருந்தும் கீபோர்டின் தடிமனைக் கழியுங்கள். பெரும்பாலும் 2 செ.மீ.; மெக்கானிக்கல் கீபோர்டு என்றால் 3 அல்லது 4.

அளக்க ஆள் இல்லையென்றால், உங்கள் உயரத்தை 0.63-ஆல் பெருக்கினால் நிற்கும்போதைய முழங்கை உயரம் ஏறக்குறைய வந்துவிடும். உட்காரும் அளவுக்கு அப்படி ஒரு கணக்கு சரிவராது. காலின் நீளம், உடம்பின் நீளம், நாற்காலிக் குஷன் அமுங்கும் அளவு என்று பல சேர்ந்து அதை மாற்றிவிடும். அதை அளந்தே தீர வேண்டும்.

உதாரணமாக 158 செ.மீ. உயரமுள்ளவரை எடுத்துக்கொள்வோம். நிற்கும் முழங்கை சுமார் 100, உட்கார்ந்தால் சுமார் 63 என்று வைத்துக்கொள்ளலாம். கீபோர்டுக்கு 2 கழித்தால் அவருக்குத் தேவை 61-லிருந்து 98 செ.மீ. வரை போய்வரும் மேசை. இப்போது கடையில் பரவலாகக் கிடைக்கும் இரண்டடுக்குக் கால் (ஒன்றுக்குள் ஒன்று செருகிய இரண்டு குழாய்) உள்ள ஃபிரேமின், அதாவது பலகையைத் தாங்கும் கால்-சட்டத்தின், விவரத்தைப் பாருங்கள்: 71 முதல் 117 செ.மீ. என்று போட்டிருக்கும். பல சமயம் இந்த எண் வெறும் ஃபிரேமுக்கானது. மேலே வரும் 2.5 செ.மீ. பலகையையும் சேர்த்தால் மேசை 73.5-க்குக் கீழே வராது. அவருக்கு அது 12.5 செ.மீ. அதிகம். ஒன்று, தோளைத் தூக்கிக்கொண்டே தட்டச்சு செய்வார். அல்லது நாற்காலியை ஏற்றிவிட்டுக் கால் தொங்க உட்காருவார். இரண்டாவதைச் செய்தால் தொடையின் அடியில் நாற்காலி விளிம்பு அழுத்தி, கால் மரத்துப்போகும். கழுத்து வலிக்கிறது என்று மேசை வாங்கியவருக்குக் கழுத்து வலி கூடுவது இப்படித்தான்.

மூன்றடுக்குக் கால் உள்ள ஃபிரேம்கள் 60 செ.மீ. அளவுக்கு இறங்கி 125 வரை உயர்கின்றன. பலகையோடு 62.5. மிச்சமுள்ள 1.5 செ.மீ. வித்தியாசத்தை நாற்காலியைச் சற்று ஏற்றியே சரிக்கட்டிவிடலாம். மூன்றடுக்கு விலை கூடுதல்தான். ஆனால் 165 செ.மீ.க்குக் குறைவானவர்கள் அதில் சிக்கனம் பார்க்க வேண்டாம். மோட்டார், பலகை, பட்டன் என்று வேறு எதில் வேண்டுமானாலும் குறைத்துக்கொள்ளலாம். ஏற்கெனவே உயரமான மேசை வாங்கிவிட்டவர்களுக்கு, நாற்காலியை ஏற்றிக்கொண்டு, வித்தியாசத்தின் அளவுக்கு உயரமுள்ள கால்மணையில் பாதத்தை வைப்பது ஒன்றுதான் வழி.

185 செ.மீ. உயரமுள்ளவரின் கவலை நேர்எதிர். அவருக்கு நிற்கும்போது 114 அல்லது 115 வேண்டும். இரண்டடுக்கில் அது எட்டும். ஆனால் உச்சத்தை ஒட்டி நிற்பதால் ஆட்டம் அதிகமாக இருக்கும். வீட்டில் இருவர் ஒரே மேசையைப் பயன்படுத்துவதாக இருந்தால் குள்ளமானவரின் உட்காரும் அளவையும் உயரமானவரின் நிற்கும் அளவையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 2: எந்த வகை?

நான்கு வகைதான். மேசைமேல் வைத்து ஏற்றி இறக்கும் கன்வர்ட்டர், கையால் சுற்றும் கிராங்க் வைத்தது, மோட்டார் வைத்தது, உயரம் மாறாத நிலையான மேசை.

கன்வர்ட்டர், உங்களிடம் ஏற்கெனவே உள்ள மேசைமேல் அப்படியே உட்காரும். வாடகை வீடு, சிறிய அறை, குறைந்த செலவு என்றால் பொருத்தம். சிக்கல் என்னவென்றால், கீழே மடக்கி வைத்த நிலையிலும் அது மேசையின் உயரத்தைச் சில செ.மீ. கூட்டிவிடும், சாதாரண மேசையே 73 முதல் 75 செ.மீ. இருக்கிறது. குட்டையானவர்களுக்கு உட்காரும் நிலை இன்னும் கெடும். கிராங்க் மேசையில் கெட்டுப்போக அதிகம் ஒன்றும் இல்லை. ஆனால் 40 செ.மீ. ஏற்ற ஒரு நிமிடத்துக்குக் குறையாமல் சுற்ற வேண்டியிருக்கும். மும்முரமான வேலையின் நடுவே யாரும் சுற்றமாட்டார்கள். இரண்டாவது வாரத்தில் அது சாதாரண மேசையாகிவிடும். நிலையான உயர மேசையை ஏற்கெனவே ஒரு நல்ல உட்காரும் மேசை வைத்திருப்பவர் இரண்டாவதாக வைத்துக்கொள்ளலாம். தனியாக அது போதாது.

முழுநாள் வேலைக்கு மோட்டார் வகையே சரி. மேற்கொண்டு சொல்வதெல்லாம் அதைப் பற்றியே. வாங்குமுன் பழகிப் பார்க்க ஆசையிருந்தால், முழங்கை உயரத்துக்கு வரும் அலமாரியில் தனிக் கீபோர்டையும், அதற்குமேல் ஒரு பெட்டியில் லேப்டாப்பையும் வைத்து ஒரு வாரம் தினமும் இரண்டு தடவை இருபது நிமிடம் நின்று வேலை செய்துபாருங்கள். நான்காம் நாளே அலுத்துவிட்டால் மேசைக்கான பணத்தை நல்ல நாற்காலியில் போடுவது மேல்.

படி 3: ஃபிரேம்

பணம் போகவேண்டிய இடம் இது. பலகையைப் பிறகு மாற்றிக்கொள்ளலாம். ஃபிரேமை மாற்றினால் மேசையையே மாற்றியதாக ஆகும்.

ஒற்றை மோட்டார் ஃபிரேமில் ஒரு மோட்டாரின் சுழற்சியை நீண்ட தண்டு ஒன்று இரண்டு கால்களுக்கும் கொண்டுபோகும். இரட்டை மோட்டாரில் ஒவ்வொரு காலுக்கும் ஒன்று. இரண்டும் சேர்ந்து ஓடுவதைக் கன்ட்ரோல் பாக்ஸ் (மோட்டார்களை இயக்கும் மின்பெட்டி) பார்த்துக்கொள்ளும். ஒற்றை மோட்டார் பொதுவாக 70 அல்லது 80 கிலோ வரை தூக்கும். நொடிக்கு 25 மி.மீ. வேகம். இரட்டை 100 முதல் 125 கிலோ, நொடிக்கு 35 முதல் 40 மி.மீ. உட்காரும் நிலையிலிருந்து நிற்கும் நிலைக்கு 40 செ.மீ. ஏற ஒன்றுக்கு 16 நொடி, மற்றதற்குப் பத்துப் பதினோரு நொடி. இந்த ஐந்து நொடிக்காக யாரும் கூடுதல் பணம் தரத் தேவையில்லை. சுமைக்காகத் தரலாமா என்பதைக் கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம்:

- 140 × 70 செ.மீ., 2.5 செ.மீ. தடிமனுள்ள எம்.டி.எஃப். (மரநாரை அழுத்திச் செய்த) பலகை: சுமார் 18 கிலோ
- இரண்டு மானிட்டர், ஆர்ம் (மேசை விளிம்பில் பூட்டி மானிட்டரைத் தாங்கும் கை) உட்பட: சுமார் 14 கிலோ
- மேசையில் தொங்கவிடும் சி.பி.யு.: சுமார் 9 கிலோ
- லேப்டாப், ஸ்பீக்கர், விளக்கு, புத்தகங்கள்: சுமார் 4 கிலோ

ஆக 45 கிலோ. ஃபிரேமுக்குச் சொல்லப்பட்ட சுமையில் மூன்றில் இரண்டு பங்குக்குள் நின்றால் மோட்டார் திணறாது. 70 கிலோ ஃபிரேமுக்கு அது 46. எனவே இந்த ஏற்பாட்டுக்கு ஒற்றை மோட்டாரே போதும், சற்று விளிம்பில். தடித்த மரப்பலகையோ மூன்றாவது மானிட்டரோ வரப்போகிறது என்றால் இரட்டைக்குப் போங்கள். ஒன்றைக் கவனியுங்கள்: சில விற்பனையாளர்கள் அசையாமல் நிற்கும்போது தாங்கும் சுமையைப் பெரிய எழுத்தில் போடுவார்கள். உங்களுக்கு வேண்டியது தூக்கும்போது உள்ள சுமை. விவரத்தில் இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள்.

அடுத்தது ஆட்டம். இந்த மேசைகளைப் பற்றி வரும் புகார்களில் இதுவே முதன்மையானது. கால் உயர உயர, உள்குழாயும் வெளிக்குழாயும் ஒன்றுக்குள் ஒன்று செருகியிருக்கும் நீளம் குறைகிறது. அதனால்தான் உட்காரும்போது கல்போல நின்ற மேசை நிற்கும் உயரத்தில் ஆடுகிறது. பக்கவாட்டில் ஆடுவதைக் குறுக்குச் சட்டம் பெருமளவு தடுக்கும். முன்பின் ஆட்டத்தைத் தடுப்பது தரையில் படியும் அடிக்காலின் நீளமும் குழாயின் கனமும். கண்ணை உறுத்துவது இந்த இரண்டாவது ஆட்டம்தான்: தட்டச்சின் தாளத்துக்கு மானிட்டர் தலையாட்டும். நீளமான மானிட்டர் ஆர்ம் இதை இன்னும் பெரிதாக்கிக் காட்டும்.

கடையில் நேரில் பார்க்க முடிந்தால் இப்படிச் சோதியுங்கள். மேசையை உங்கள் நிற்கும் அளவுக்கு ஏற்றுங்கள். கடைக்காரர் வைத்திருக்கும் உயரத்தில் பார்த்துப் பயனில்லை. ஒரு டம்ளர் தண்ணீரை நடுவில் வைத்து, உங்கள் வழக்கமான வேகத்தில் மேசைமேல் தட்டச்சு செய்வதுபோல விரலால் தட்டுங்கள். தண்ணீர் லேசாகச் சலனப்படலாம். டம்ளர் நகரவோ குலுங்கவோ கூடாது. பிறகு முன்விளிம்பைப் பிடித்து முன்னும் பின்னும் தள்ளிப்பாருங்கள். கையை எடுத்தபின் ஒரு நொடிக்குமேல் ஆட்டம் நீடித்தால் வேண்டாம்.

படி 4: பலகை

ஆழம் 70 செ.மீ.க்குக் குறையாமல் பாருங்கள். கண்ணுக்கும் திரைக்கும் 50 முதல் 70 செ.மீ. இடைவெளி வேண்டும், 60 செ.மீ. பலகையில் ஸ்டாண்டுடன் கூடிய பெரிய மானிட்டரை வைத்தால் மூக்கருகே வந்து நிற்கும். ஆர்ம் போட்டுச் சுவரை ஒட்டித் தள்ளிவைக்க முடிந்தால் 60-இலும் சமாளிக்கலாம். அகலம் ஒரு மானிட்டருக்கு 120, இரண்டுக்கு 140 அல்லது 160.

லேமினேட் ஒட்டிய பார்ட்டிகிள் போர்டு (மரத்துகளை அழுத்திச் செய்த பலகை) மலிவு. விளிம்பு பிரிந்து நீர் இறங்கினால் உப்பிவிடும். திருகைக் கழற்றிக் கழற்றிப் பூட்டினால் ஓட்டை தளரும். நீர், திருகு இரண்டு விஷயத்திலும் பிளைவுட் மேல். திட மரம் அழகு, கனம், விலை மூன்றிலும் முதலிடம். ஆனால் ஈரப்பதத்துக்கு ஏற்ப அகலவாக்கில் விரிந்து சுருங்கும். அதை ஃபிரேமோடு நீளத்துளையும் வாஷரும் வைத்துப் பூட்டினால்தான் வெடிக்காது. கண்ணாடிப் பலகையில் ஆர்ம் பூட்ட முடியாது என்ற ஒரு காரணமே அதைத் தவிர்க்கப் போதும்.

பெட்டி சிறிதாக வரவேண்டும் என்பதற்காகப் பலகையை இரண்டு துண்டாகத் தருபவர்கள் உண்டு. மவுஸ் ஓடும் இடத்திலும் மானிட்டர் ஆர்ம் கவ்வும் இடத்திலும் அந்த இணைப்பு வந்து சேரும். ஒரே துண்டாக வாங்குங்கள். மாடிப்படித் திருப்பத்தில் 160 செ.மீ. பலகை திரும்புமா என்று மட்டும் முன்கூட்டியே அளந்துகொள்ளுங்கள். ஆர்ம் வைப்பவர்கள் இன்னொன்றும் பார்க்க வேண்டும்: பின்விளிம்பை ஒட்டி ஃபிரேமின் சட்டம் ஓடினால் கிளாம்ப் கவ்வ இடமிருக்காது. விளிம்பிலிருந்து சட்டம் குறைந்தது 6 அல்லது 7 செ.மீ. உள்ளே தள்ளி இருக்கட்டும்.

படி 5: பட்டனும் பாதுகாப்பும்

மெமரி பட்டன் அவசியம், இரண்டு இருந்தால் போதும். ஒவ்வொரு முறையும் அம்பு பட்டனை அமுக்கிப் பிடித்துக்கொண்டு சரியான உயரத்தைத் தேட வேண்டியிருந்தால் நிற்கும் பழக்கம் நிலைக்காது. புளூடூத் ஆப், வயர்லெஸ் சார்ஜர், நிறம் மாறும் விளக்கு எல்லாம் விலையைக் கூட்டும் சாமான்கள்.

தடை பட்டால் மேசை தானே நின்று சற்றுப் பின்வாங்கும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள். மோட்டார் இழுக்கும் மின்னோட்டம் திடீரென்று கூடுவதை வைத்தோ, பலகை சாய்வதை உணரும் சென்சாரை வைத்தோ இது வேலை செய்கிறது. நாற்காலிக் குஷன் போன்ற மெத்தென்ற பொருளில் இடிக்கும்போது தாமதமாகத்தான் நிற்கும். ஆகவே முழுக்க நம்ப வேண்டாம். அடிக்கடி நடக்கும் விபத்து நாற்காலியின் கைப்பிடி மேசைக்கடியில் மாட்டிக்கொள்வது. அடுத்தது, மேசை ஏறும்போது சன்னல் விளிம்பிலோ சுவர் அலமாரியிலோ முட்டுவது. சுவரிலிருந்து 3 செ.மீ. தள்ளி வையுங்கள். சிறு குழந்தைகள் இருந்தால் பட்டனைப் பூட்டும் வசதி கட்டாயம்.

படி 6: பூட்டுவது

இருவர் வேண்டும். முழுதாகப் பூட்டிய மேசை 45 கிலோவுக்குமேல் வரும். தனியாகப் புரட்டினால் பாரம் முழுவதும் ஒரு பக்கக் கால்களில் இறங்கி ஃபிரேம் முறுக்கிக்கொள்ளும்.

1. தரையில் போர்வை விரித்துப் பலகையைக் குப்புறப் போடுங்கள்.
2. ஃபிரேமின் போல்ட்டுகளை எல்லாம் முதலில் கையால் பாதி மட்டும் திருகுங்கள். ஒவ்வொன்றாக முழுக்க இறுக்கிக்கொண்டே போனால் கடைசித் துளை சேராது. எல்லாம் உள்ளே போனபின் ஆலன் கீயால் மூலைக்கு மூலை மாற்றி இறுக்குங்கள்.
3. பலகைக்குப் போகும் ஸ்க்ரூவின் நீளத்தைப் பலகையோடு ஒட்டிவைத்துப் பாருங்கள். 2.5 செ.மீ. பலகைக்கு 18 முதல் 20 மி.மீ. சரி. அதே ஸ்க்ரூவை 18 மி.மீ. பலகையில் ஏற்றினால் மறுபக்கம் முனை எட்டிப்பார்க்கும். ஃபிரேமையும் பலகையையும் தனித்தனியாக வாங்குபவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான்.
4. 5 மி.மீ. ஸ்க்ரூவுக்கு 3 மி.மீ. ட்ரில் பிட்டால் வழித்துளை போடுங்கள். பிட்டில் 15 மி.மீ. உயரத்தில் டேப் சுற்றி, டேப் பலகையைத் தொட்டதும் நிறுத்திவிடுங்கள். ஃபிரேமோடு ரப்பர் வாஷர் வந்திருந்தால் தூக்கிப்போடாதீர்கள். அது அதிர்வையும் சத்தத்தையும் வாங்கிக்கொள்ளும்.
5. நிமிர்த்தி வைத்ததும் அடிக்காலில் உள்ள குமிழ்களைத் திருகி நான்கு மூலையும் தரையில் படும்படி சமன் செய்யுங்கள். தரையில் கனத்த கம்பளம் இருந்தால் ஆட்டம் கூடத்தான் செய்யும்.
6. இரண்டு வாரம் கழித்து எல்லா போல்ட்டையும் ஒருமுறை இறுக்குங்கள். மேசை தளர்ந்துவிட்டது என்று திருப்பி அனுப்ப நினைப்பவர்கள் முதலில் இதைச் செய்துபார்க்கட்டும்.

படி 7: வயர்கள்

எக்ஸ்டென்ஷன் பாக்ஸைப் பலகையின் அடிப்பக்கம் ஸ்க்ரூ போட்டுப் பொருத்தி, எல்லாச் சாதனங்களையும் அதிலேயே செருகுங்கள். அப்போது சுவருக்குப் போவது ஒரே ஒரு வயர். மேசையை உச்சிக்கு ஏற்றி, அந்த நிலையில் அந்த வயர் 20 செ.மீ.யாவது தளர்ந்து தொங்குகிறதா என்று பாருங்கள். உட்காரும் உயரத்தில் வைத்துக் கட்டிய வயர், முதல் முறை ஏற்றும்போது பிளக்கைப் பிடுங்கும் அல்லது தரையில் இருக்கும் பெட்டியை இழுத்துச் சாய்க்கும். கனமான யு.பி.எஸ். தரையிலேயே இருக்கட்டும். ஃபிரேம் முழுவதும் இரும்பு என்பதால் எர்த் உள்ள மூன்று முள் பாயின்ட்டிலேயே இணைக்க வேண்டும். லேன் வயர் தரையிலிருந்து வருகிறது என்றால் அதற்கும் அதே அளவு தளர்வு விடுங்கள். இதை மறப்பவர்கள் நிறைய.

படி 8: உயரத்தைப் பதிவுசெய்து நிற்கப் பழகுவது

படி 1-இல் கிடைத்த இரண்டு எண்களையும் மெமரியில் போடுங்கள். பட்டனில் தெரியும் எண்ணை நம்பாமல் தரையிலிருந்து பலகையின் மேற்பரப்பு வரை டேப் வைத்து ஒருமுறை சரிபாருங்கள். பலகையின் தடிமனைச் சேர்க்காமலே எண் காட்டும் ஃபிரேம்கள் இருக்கின்றன. திரையின் மேல்விளிம்பு கண் மட்டத்திலோ சற்றுக் கீழோ இருக்க வேண்டும். பைஃபோகல் கண்ணாடி போடுபவர்கள் இன்னும் கொஞ்சம் இறக்கி வைத்தால் தலையை அண்ணாந்து பார்க்க வேண்டியிருக்காது. லேப்டாப் மட்டும் வைத்திருப்பவருக்குத் தனிக் கீபோர்டு இல்லாமல் எந்த மேசையும் உதவாது. திரை சரியாக இருந்தால் கை உயரும், கை சரியாக இருந்தால் கழுத்து குனியும்.

முதல் வாரத்தில் ஒரு தடவைக்கு 15 நிமிடம், நாளுக்கு மூன்று நான்கு தடவை போதும். பிறகு மெல்ல மெல்லக் கூட்டி, வேலை நேரத்தில் நிற்பதும் நடப்பதுமாக மொத்தம் இரண்டு மணி நேரத்துக்குக் கொண்டுவாருங்கள். அலுவலகப் பணியாளர்களுக்காக 2015-இல் நிபுணர் குழு ஒன்று தந்த பரிந்துரையும் இரண்டு மணி நேரத்தில் தொடங்கி நான்கு வரை போகலாம் என்பதுதான். மூச்சைப் பிடித்துக்கொண்டு நாள் முழுவதும் நிற்பது வீரம் ஆகாது. நெடுநேரம் அசையாமல் நிற்பதால் கால் வீக்கமும் இடுப்பு வலியும் வரும். நரம்புச் சுருட்டு, கர்ப்பம், மூட்டுப் பிரச்சினை உள்ளவர்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. 15 முதல் 20 மி.மீ. தடிமனுள்ள ரப்பர் பாய் குதிகாலுக்கு இதம் தரும். அதன்மேல் நாற்காலிச் சக்கரம் உருளாது என்பதால், காலாலேயே தள்ளிவிடக்கூடிய கனத்தில் வாங்குங்கள். ஒரு காலை மாற்றி மாற்றி வைக்க 10 செ.மீ. உயரக் கட்டை ஒன்றும் இருந்தால் இடுப்புக்கு ஓய்வு.

மேசை நின்றுவிட்டால்

கடைக்குப் போன் செய்யுமுன் மூன்று பார்த்துவிடுங்கள்.

ஏற்றி இறக்கி விளையாடியபின் நின்றிருந்தால் மோட்டார் சூடாகியிருக்கும். இந்த மோட்டார்கள் பெரும்பாலும் 2 நிமிடம் ஓடினால் 18 நிமிடம் ஓய்வெடுக்க வேண்டும் என்ற கணக்கில் செய்யப்பட்டவை. இருபது நிமிடம் விட்டுப் பாருங்கள்.

ஒரு பக்கம் சாய்ந்திருந்தாலோ, எழுத்தும் எண்ணுமாகப் பிழைக்குறி தெரிந்தாலோ, இரண்டு கால்களின் கணக்கும் பிசகியிருக்கிறது. மின்சாரம் போய்வந்த பிறகு இது நேரலாம். கீழ் அம்பை அமுக்கி மேசையைக் கடைசிவரை இறக்குங்கள்; கையை எடுத்துவிட்டு மறுபடி அதே பட்டனை 5 முதல் 10 நொடி பிடியுங்கள். கால்கள் இன்னும் சற்று இறங்கி மேலே வந்து நிற்கும். பெரும்பாலான மேசைகளில் ரீசெட் முறை இதுதான். மாறுபட்டால் கையேட்டில் இருக்கும். செய்யும்போது அடியில் நாற்காலியோ குப்பைக்கூடையோ இருக்கக் கூடாது.

எதுவுமே அசையவில்லை என்றால் கன்ட்ரோல் பாக்ஸிலிருந்து கால்களுக்குப் போகும் பிளக்குகளைக் கழற்றி அழுத்திச் செருகுங்கள். ஏறி இறங்கும் அதிர்வில் அவை பாதி வெளியே வந்திருப்பது உண்டு. அதற்கும் அசையாவிட்டால் பழுது கன்ட்ரோல் பாக்ஸிலேயே இருக்க வாய்ப்பு அதிகம். அது தனியாகக் கிடைக்குமா, மின்பாகங்களுக்கு உத்தரவாதம் எத்தனை ஆண்டு என்ற கேள்விகளை வாங்கும்போதே கேட்டு எழுத்தில் வாங்கியிருக்க வேண்டும். பெரிய எண்ணில் அச்சடித்திருக்கும் உத்தரவாதம் பல சமயம் இரும்புக் காலுக்கு மட்டும்தான்.